தகவல் முறைமைப் பொறியியலா, கணினி அறிவியலா, மென்பொருள் பொறியியலா?

அக்கா மகள் போன மாதம் என் முன்னால் ஒரு தாளை விரித்து வைத்தாள். கணினி அறிவியல், மென்பொருள் பொறியியல், தகவல் முறைமைப் பொறியியல், வணிகத் தகவல் முறைமைகள் என்று நான்கு பட்டப்படிப்புகளின் பெயர்கள் அதில் இருந்தன. "நாலுமே கம்ப்யூட்டர் படிப்புதானே மாமா, இதில் எதை முதல்ல எழுதுறது?" என்றாள்.

அந்த மூன்றாவது பெயர் நான் படித்தது. பதினேழு வருடமாக அதை வைத்துத்தான் பிழைப்பு, பிடித்துத்தான் செய்கிறேன். இருந்தும் "அதையே எடு" என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குப் பொருந்தியது அவளுக்கும் பொருந்தும் என்று என்ன நிச்சயம்? நான்கு படிப்புக்கும் முதல் வருடம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகும்: ஒரு புரோகிராமிங் மொழி, கொஞ்சம் கணிதம், கணினி எப்படி இயங்குகிறது என்ற அறிமுகம். வித்தியாசம் மூன்றாம் வருடத்தில்தான் முழுசாகத் தெரியும். அப்போது தெரிந்து என்ன செய்வது? அந்த வித்தியாசத்தை இப்போதே காட்ட வேண்டும் என்று அவளுக்கு ஒரு சம்பவத்தைச் சொன்னேன். இந்தத் துறையில் படித்தவர்கள் பலருக்கும் வகுப்பில் சொல்லப்பட்ட சம்பவம்தான்.

ஒரே முறைமை, இரண்டு விபத்துகள்

1992 அக்டோபர் 26 அன்று லண்டன் ஆம்புலன்ஸ் சேவை ஒரு புதிய கணினி முறைமைக்கு மாறியது. அதற்கு முன் அவசர அழைப்பு வந்தால் ஒருவர் அதைத் தாளில் எழுதுவார், அந்தத் தாள் நகரும் பட்டையில் போய் இன்னொருவர் கையில் சேரும், எந்த வண்டியை அனுப்புவது என்று மனிதர்கள் முடிவு செய்வார்கள். புதிய முறைமையில் அந்த முடிவைக் கணினி எடுக்க வேண்டும். வண்டிகள் எங்கே நிற்கின்றன என்பது தானாகவே அதற்குத் தெரியவரும். வண்டியில் இருப்பவர்கள் கிளம்பும்போதும், இடத்தை அடையும்போதும், வேலை முடிந்ததும் அந்தந்த நிலைக்குரிய ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்.

நடந்தது வேறு. உயிரைக் காப்பாற்றும் அவசரத்தில் இருந்தவர்கள் பொத்தானை மாற்றி அழுத்தினார்கள், சில சமயம் அழுத்தவே இல்லை. சில இடங்களில் ரேடியோ எட்டவில்லை. எந்த வண்டி எங்கே இருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்று கணினி வைத்திருந்த கணக்குக்கும் தெருவில் இருந்த நிஜத்துக்கும் இடைவெளி விழுந்தது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. பக்கத்தில் நின்ற வண்டியை விட்டுவிட்டுத் தூரத்தில் இருந்ததை அனுப்பியது. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்தன, பழையவை மேலே நகர்ந்து கண்ணில் படாமல் போயின. வண்டி வராததால் மக்கள் மறுபடி மறுபடி அழைத்தார்கள், ஒவ்வொரு அழைப்பும் வரிசையை இன்னும் நீட்டியது. மறுநாள் பிற்பகலில் பாதி வேலையை மனிதர்களிடமே திரும்பக் கொடுத்துவிட்டார்கள்.

எட்டு நாள் கழித்து, நவம்பர் 4 அதிகாலையில், அந்தப் பாதி முறைமையும் உறைந்து நின்றது. இந்த முறை காரணம் வேறு. சுமார் மூன்று வாரங்களுக்கு முன் ஒரு புரோகிராமர் விட்டுவைத்த சிறு துண்டு கோடு, அதாவது நிரல், ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் சர்வரில் கொஞ்சம் நினைவகத்தை எடுத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நினைவகம் முழுவதும் தீர்ந்தது. மாற்று சர்வருக்குத் தாவும் ஏற்பாடும் கைகொடுக்கவில்லை.

1993-இல் வந்த விசாரணை அறிக்கை இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துச் சொன்னது. அக்டோபர் 26, 27 தேதிகளில் தொழில்நுட்ப அர்த்தத்தில் கணினி பழுதாகவில்லை. எப்படி வடிவமைத்தார்களோ அப்படித்தான் நடந்துகொண்டது. வடிவமைப்பில்தான் கோளாறு. நவம்பர் 4-இல்தான் உண்மையிலேயே பழுதானது.

என்னைக் கேட்டால் இந்த இரண்டு விபத்துகளுக்கு நடுவில்தான் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி இருக்கிறது. முதல் விபத்தைக் கேட்டதும் "வண்டிக்காரர்கள் பொத்தானை ஏன் அழுத்தவில்லை? அழுத்தாவிட்டாலும் தாக்குப்பிடிக்கும்படி ஏன் அமைக்கவில்லை?" என்று ஒருவருக்கு மனசு அரிக்கும். இன்னொருவருக்கு இரண்டாவது விபத்து: "நினைவகம் ஏன் விடுபடவில்லை? அதைச் சோதனையில் எப்படிப் பிடித்திருக்கலாம்?" முதலாமவருக்குத் தகவல் முறைமை. இரண்டாமவருக்கு மென்பொருள் பொறியியல், அல்லது கணினி அறிவியல்.

தகவல் முறைமைப் பொறியியலில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

ஒரு நிறுவனம் இயங்கத் தேவையான தகவல் எங்கே பிறக்கிறது, யார் கைக்குப் போகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது, எந்த விதிப்படி மாறுகிறது என்பதை ஆராய்ந்து, அதற்கான முழு முறைமையையும் கட்டும் படிப்பு இது. கணினி அந்த முறைமையின் ஒரு பகுதி. ஊழியர், படிவம், விதி, பழக்கம் எல்லாம் மற்றப் பகுதிகள்.

இந்த வேலை பட்டப்படிப்புக்கு முன்பே பிறந்துவிட்டது. லியோ என்ற கணினியை 1951-இல் வணிக வேலைக்கு ஓட்டியது லயன்ஸ் என்ற நிறுவனம், தேநீர்க் கடைகளும் பேக்கரிகளும் நடத்தியவர்கள். அடுமனைப் பொருள்களின் மதிப்புக் கணக்குதான் அதன் முதல் வழக்கமான வேலை. அந்த ஆட்கள் முதலில் செய்தது அலுவலக வேலை எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து ஆராய்ந்ததுதான். அப்புறம் 1970-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் தரவை அட்டவணைகளாகவும் அவற்றின் உறவுகளாகவும் பார்க்கும் மாதிரியை முன்வைத்தார். 1976-இல் பீட்டர் சென் பொருள்களையும் உறவுகளையும் படமாக வரையும் முறையைத் தந்தார். இன்றைக்கும் டேட்டாபேஸ் வகுப்பின் முதல் மாதம் இந்த இரண்டு பேரின் வேலைதான். 1989 முதல் இந்தத் துறைக்கென்றே கெய்ஸ் என்ற சர்வதேச மாநாடு நடந்துவருகிறது.

பாடங்களின் பெயர்களை அடுக்கினால் ஒன்றும் புரியாது. ஒரு வகுப்பைச் சொல்கிறேன்.

இரண்டாம் வருடம், டேட்டாபேஸ் வடிவமைப்பு. நூலகத்துக்கு ஒரு மாதிரி வரையச் சொன்னார் ஆசிரியர். இதில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டோம். "நூல்" என்று ஒரு பெட்டி, அதற்குள் தலைப்பு, எழுதியவர், பதிப்பகம், யாரிடம் இருக்கிறது. "வாசகர்" என்று ஒரு பெட்டி. நடுவில் ஒரு கோடு. ஆசிரியர் கேட்டார்: "அதே நூல் மூன்று இருக்கிறது. ஒன்று தொலைந்துவிட்டது. எது தொலைந்தது?" எங்கள் படத்தில் பதில் இல்லை. சரி, பிரதிக்கு ஒரு எண் கொடுத்தோம். "அப்படியானால் தலைப்பை மூன்று முறை எழுதுவீர்களா? ஒன்றில் எழுத்துப் பிழை வந்தால்?" என்றார். பிரித்தோம்: படைப்பு தனி, பிரதி தனி. "வாசகர் முன்பதிவு செய்வது படைப்பையா, பிரதியையா?" படைப்பை. "கடன் வாங்குவது?" பிரதியை. "அபராதம் எதன் மேல்?" அந்தக் கடன் மேல். ஆகவே கடன் என்பதும் ஒரு பெட்டி, வெறும் கோடு இல்லை. இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. சாதாரணமாக "புத்தகம்" என்று சொல்கிறோமே, அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு பொருள்கள் ஒளிந்திருந்தன என்று கண்டுபிடித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன் கொட்டாவி விட்டான். அவன் பின்னால் கணினி அறிவியலுக்கு மாறிப்போய் இயங்குதளங்களில் பிரமாதமாக வேலை செய்கிறான். அவனுக்கு அந்த வகுப்பில் கொட்டாவி வந்தது சோம்பல் இல்லை, அவனுடைய மனசு வேறு இடத்தில் விழித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

இதைத் தவிர தேவை ஆய்வு, செயல்முறை மாதிரியாக்கம், புள்ளியியல், பயனர் இடைமுகம், தகவல் பாதுகாப்பு, திட்ட மேலாண்மை எல்லாம் வரும். தொழிலகப் பொறியியலோடு சேர்ந்து வளர்ந்த துறையாக இருந்தால் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் அழுத்தமாக இருக்கும். வரிசை எப்படி நீளுகிறது, குறைந்த வளத்தை எப்படிப் பங்கிடுவது போன்ற கணக்குகள். புரோகிராமிங் உண்டு, நிறையவே உண்டு. "கோடிங் பிடிக்காது, அதனால் இதை எடுக்கிறேன்" என்று வருபவர்கள் இரண்டாம் செமஸ்டரிலேயே திணறுவார்கள்.

கணினி அறிவியலோடு வைத்துப் பார்த்தால்

கணினி அறிவியலின் அடிக்கேள்வி வேறு. எதைக் கணக்கிட முடியும், எவ்வளவு வேகத்தில் முடியும், எதை எந்தக் காலத்திலும் முடியாது. எது முடியும், எது முடியாது என்ற கேள்வி 1936-இல் கணிதவியலாளர் ஆலன் டூரிங் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. அல்காரிதம் (ஒரு கணக்கைத் தீர்க்கும் படிமுறை), கணிப்பியக் கோட்பாடு, இயங்குதளம், கம்பைலர் (எழுதிய கோடை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்), நெட்வொர்க், இயந்திரக் கற்றல் என்று பாடங்கள் போகும். கணிதம் ஆழமாக இருக்கும். "இந்த அல்காரிதம் எப்போதும் சரியான விடை தரும் என்று நிறுவு" என்ற கேள்வியைத் தாளில் பார்த்ததும் பேனா தானாக ஓடினால் அந்த இடம் உங்களுடையது.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் படிப்பில் இயங்குதளம் ஒரே ஒரு பாடம், அதுவும் மேலோட்டமாக. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு இரவு, நாங்கள் கட்டிய முறைமை அப்படியே நின்றுபோனது. இரண்டு பரிவர்த்தனைகள் ஒன்றுக்கொன்று தேவையான பூட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றது விடட்டும் என்று காத்திருந்தன. டெட்லாக் என்ற சொல் தெரியும், தேர்வில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் அது என் கண் முன்னால் நடக்கும்போது அடையாளம் தெரியவில்லை. கணினி அறிவியல் படித்த சக ஊழியை வந்து, பதிவேட்டை ஒரு பார்வை பார்த்து, பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். அந்த அடித்தளத்தை அதற்குப் பிறகு இரண்டு வருடம் மாலை நேரங்களில் உட்கார்ந்து நானே கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அவருக்கும் ஒரு குறை இருந்தது. பயனர்களோடு பேசப் போனால் அவர்கள் கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டு வருவார். கேட்டது ஒன்று, தேவைப்பட்டது வேறொன்று என்பது மூன்று மாதம் கழித்துத்தான் வெளியே வரும். தேவையைக் கறந்தெடுப்பது ஒரு திறமை, அதற்கு முறைகள் இருக்கின்றன, அவற்றைப் பயிற்சி இல்லாமல் கற்க முடியாது என்று அவருக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

அப்படியானால் எதைப் பின்னால் சொந்தமாகக் கற்பது சுலபம்? என் அனுபவத்தில் கோட்பாட்டுக் கணிதத்தைத் தனியாகக் கற்பதுதான் கடினம். டேட்டாபேஸ் வடிவமைப்பையும் செயல்முறை ஆய்வையும் நல்ல வேலையிடம் ஒன்று கிடைத்தால் அங்கேயே ஓரளவு கற்கலாம். ஆகவே இரண்டுக்கும் நடுவில் உண்மையிலேயே தராசு சமமாக நின்றால் கணினி அறிவியலை எடுத்து, விருப்பப் பாடங்களில் டேட்டாபேஸையும் முறைமை ஆய்வையும் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் புரியும் என்பதும் அதற்கு ஒரு சாதகம். "தகவல் முறைமைப் பொறியியல் என்றால் என்ன?" என்று நேர்முகத் தேர்வில் விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்திருக்கிறது. ஆனால் தராசு சமமாக இல்லாமல், கோட்பாடு என்றாலே ஒருவருக்கு மனசு சுருங்குகிறது என்றால், "பாதுகாப்பான தேர்வு" என்று அங்கே தள்ளிவிடக் கூடாது. நாலு வருடம் பிடிக்காத பாடத்தோடு மல்லுக்கட்டி, சுமாரான மதிப்பெண்ணோடு வெளியே வருவதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

மென்பொருள் பொறியியல்

இதுதான் தகவல் முறைமைக்கு மிக நெருங்கிய உறவு, அதனால்தான் குழப்பமும் அதிகம். 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ நடத்திய ஒரு மாநாட்டில் "மென்பொருள் பொறியியல்" என்ற பெயர் நிலைபெற்றது. பெரிய மென்பொருள்கள் காலத்துக்குள் முடியாமல், நம்பகம் இல்லாமல் தவித்த நேரம் அது. பாலம் கட்டுகிறவர்களின் ஒழுங்கை இதற்கும் கொண்டுவர வேண்டும் என்பது எண்ணம்.

எனவே இங்கே முக்கியக் கவலை மென்பொருள் என்ற பொருளின் தரம். கட்டமைப்பு, சோதனை, பதிப்புக் கட்டுப்பாடு, பல பேர் சேர்ந்து ஒரே கோடில் வேலை செய்வது, வெளியிட்ட பிறகு பராமரிப்பது. நவம்பர் 4 மாதிரி ஒரு நாள் வராமல் தடுக்கும் கலை. தகவல் முறைமைக்காரர் "சரியானதைத்தான் கட்டுகிறோமா" என்று கேட்பார், மென்பொருள் பொறியாளர் "சரியாகத்தான் கட்டுகிறோமா" என்று கேட்பார் என்று பிரிப்பது வழக்கம். முழுக்க உண்மை இல்லை, தேவை ஆய்வு இரண்டு படிப்பிலும் உண்டு. ஆனால் ஒவ்வொரு படிப்பும் தன் நேரத்தில் பெரும்பகுதியை எங்கே செலவழிக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

முதல் வேலை என்று பார்த்தால் மென்பொருள் பொறியியல் படித்தவருக்குப் பாதை நேராக இருக்கும்: டெவலப்பர், டெஸ்டர், டெவ்ஆப்ஸ் (மென்பொருளை வெளியிட்டு ஓடவைக்கும் வேலை). தகவல் முறைமைக்காரர் டெவலப்பராகவும் போகலாம், சிஸ்டம்ஸ் அனலிஸ்ட், பிசினஸ் அனலிஸ்ட், டேட்டா இன்ஜினியர், ஈ.ஆர்.பி. (ஒரு நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் இணைக்கும் மென்பொருள்) ஆலோசகர் என்றும் போகலாம். வாசல்கள் அதிகம், ஆனால் எந்த வாசல் என்று தானேதான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யாமல் விட்டால் "எல்லாம் கொஞ்சம் தெரியும்" என்ற இடத்தில் போய் நிற்கும் ஆபத்து இருக்கிறது. நான் பார்த்தவரை நன்றாக வந்தவர்கள் மூன்றாம் வருடத்துக்குள் ஒரு விஷயத்தில் ஆழமாக இறங்கியவர்கள். டேட்டாபேஸோ, செயல்முறை ஆய்வோ, எதுவானாலும் சரி.

வணிகத் தகவல் முறைமைகள், இன்னும் சில பெயர்கள்

இது மேலாண்மைப் புலத்தின் (ஃபேகல்டியின்) பிள்ளை. 1968-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இதற்குத் தனிப் பட்டப்படிப்பு தொடங்கியது, கார்டன் டேவிஸ் அதில் முன்னோடி. கணக்கியல், நிறுவன நடத்தை, சந்தை, கொஞ்சம் டேட்டாபேஸ், கொஞ்சம் புரோகிராமிங் என்று போகும். கட்டுவதைவிட எதைக் கட்டுவது, எதை வாங்குவது, யார் பொறுப்பு என்பதில் நாட்டம் உள்ளவருக்குப் பொருந்தும். கணிதம் வேண்டாம் என்பதற்காக மட்டும் இதை எடுப்பவர்கள் பிறகு டெவலப்பர் வேலைக்கு முயலும்போது கஷ்டப்படுகிறார்கள்.

தரவு அறிவியலைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. புள்ளியியல் உயிராகப் பிடித்தால் போகலாம். ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: தரவு எப்படிப் பிறந்தது என்று தெரியாமல் அதை ஆராய்வது அபாயம். அதற்கு என் சொந்த அனுபவமே சாட்சி.

என் முதல் பெரிய வேலை ஒரு மருத்துவமனையின் நோயாளிப் பதிவு முறைமை. பிறந்த தேதியைக் கட்டாயப் புலமாக வைத்தேன். அது நிரம்பாமல் அடுத்த திரை வராது. மருந்தின் அளவுக்கு வயது தேவை, அடையாளத்துக்கும் தேவை, ஆகவே கட்டாயம்தானே? ஆறு மாதம் கழித்து வயதுவாரியாக ஓர் அறிக்கை எடுத்தார்கள். நூறு வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பிறந்த நாள்: 1900 ஜனவரி 1. பதிவு மேசைக்குப் போய் நின்றேன். திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சிறு தாளில் "டிஓபி தெரியலைன்னா 01011900" என்று நீல மையில் எழுதியிருந்தது. விபத்தில் மயங்கிய நிலையில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், பேர் தெரியாது, வயது தெரியாது, பதிவு எண் இல்லாமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப முடியாது. மேசையில் இருந்த அம்மா என்ன செய்வார்? என் முறைமை அவரைப் பொய் சொல்ல வைத்தது. "உங்களுக்கு வேற வழி வெச்சிருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னார்.

திருத்தம் சின்னதுதான். "தெரியவில்லை" என்று ஒரு தேர்வு, உத்தேச வயதுக்கு ஒரு புலம், பிறகு நிரப்ப வேண்டியவர்களின் பட்டியல். கோடு எழுத அரை நாள் ஆகியிருக்கும். ஆனால் அந்த மேசைக்கு முன்பே போய் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் ஆறு மாதத் தரவு கெட்டிருக்காது. தகவல் முறைமைப் படிப்பு ஒழுங்காகச் சொல்லித்தரும் பல்கலைக்கழகம், இப்படி ஒரு மேசைக்கு மாணவரைப் படிக்கும்போதே அனுப்பிவைக்கும். எங்கள் படிப்பில் வெளி நிறுவனத்துக்காகச் செய்யும் ப்ராஜெக்ட் விருப்பப் பாடமாக இருந்தது, நான் எடுக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கோடிங்கை இயந்திரமே செய்தால்?

இப்போது எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி இது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கோடு எழுதுகின்றன, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். தொடக்கநிலை வேலைகளில் ஒரு பகுதியை அவை எடுத்துக்கொள்ளும் என்றே நினைக்கிறேன், அது இந்த நான்கு படிப்பையும் தொடும். "அதனால் தகவல் முறைமைதான் பாதுகாப்பு, மனிதர்களோடு பேசும் வேலை இயந்திரத்துக்கு வராது" என்று சிலர் சொல்வதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். கருவி தரும் கோடு சரியா என்று பார்க்க அடித்தளம் வேண்டும். அடித்தளம் இல்லாமல் தேவையை மட்டும் எழுதித் தருபவரின் இடமும் ஆடத்தான் செய்யும். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: 01011900 என்று எழுதிய அந்தத் தாளை எந்தக் கருவியும் தானாகப் போய்ப் பார்க்காது. யாராவது ஒருவர் பார்த்து வந்து சொல்ல வேண்டும். பார்த்து வந்தவருக்கே அதைச் சரிசெய்யவும் தெரிந்தால் அவருக்கு வேலை இருக்கும்.

பெயரை நம்பாமல் பாடத்திட்டத்தைப் பாருங்கள்

கணினித் துறையினரின் சங்கமான ஏ.சி.எம். முதலான அமைப்புகள் 2005-இல் வெளியிட்ட அறிக்கை கணினித் துறையை ஐந்து கிளைகளாகப் பிரித்தது: கணினிப் பொறியியல், கணினி அறிவியல், தகவல் முறைமைகள், தகவல் தொழில்நுட்பம், மென்பொருள் பொறியியல். 2020 அறிக்கையில் இணையப் பாதுகாப்பும் சேர்ந்தது. ஆனால் பல்கலைக்கழகங்கள் இந்தக் கோடுகளைப் பார்த்துப் பெயர் வைப்பதில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் தகவல் முறைமைப் பொறியியல் என்ற பெயரில் இருந்த படிப்பு மின்னணுவியலும் கணினியும் கலந்தது. பின்னால் பெயரையே மாற்றி மின்னணு, தகவல் பொறியியல் என்று வைத்தார்கள். இஸ்ரேலின் டெக்னியானில் அது தொழிலகப் பொறியியல், மேலாண்மைப் புலத்தில் வளர்ந்தது. பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் மென்பொருளும் தகவல் முறைமைகளும் ஒரே துறை. பெயர் ஒன்று, உள்ளே மூன்று வேறு படிப்புகள்.

ஆகவே அக்கா மகளிடம் முதலில் பார்க்கச் சொன்னது, அந்தத் துறை எந்தப் புலத்தில் இருக்கிறது என்பதை. அது தெரிந்தாலே பாதி தெரிந்துவிடும். அடுத்தது, மூன்றாம், நான்காம் வருடத்தின் கட்டாயப் பாடங்கள். விருப்பப் பாடங்களின் பட்டியல் நீளமாக, அழகாக இருக்கும், அவற்றில் எத்தனை ஒவ்வொரு வருடமும் நடக்கின்றன என்று அங்கே படிப்பவரிடம் கேட்டால்தான் தெரியும். இயங்குதளமும் நெட்வொர்க்கும் கட்டாயமா? புள்ளியியல் ஒரு செமஸ்டரா, இரண்டா? வெளி நிறுவனத்துக்காகச் செய்யும் ப்ராஜெக்ட் கட்டாயமா? கடந்த வருடத்தின் இறுதியாண்டு ப்ராஜெக்ட் தலைப்புகளை வாங்கிப் படித்தால், துறை தன்னைப் பற்றிச் சொல்வதைவிட அதிகம் சொல்லும்.

"பொறியியல்" என்ற சொல்லைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பட்டத்தின் பெயரில் அது இருப்பதால் மட்டும் பொறியாளர் என்ற தொழில்முறை அங்கீகாரம் கிடைத்துவிடாது. பொறியியல் பட்டங்களை நாடுகளுக்கிடையே ஏற்றுக்கொள்ள 1989-இல் வாஷிங்டன் உடன்படிக்கை வந்தது, கணினித் துறைப் பட்டங்களுக்கென்று 2008-இல் சியோல் உடன்படிக்கை தனியாக வந்தது. தகவல் முறைமைப் பொறியியல் எதன் கீழ் அங்கீகாரம் பெற்றிருக்கிறது, அல்லது பெறவே இல்லையா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். வெளிநாட்டில் பொறியாளராகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் சேரும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். மென்பொருள் வேலைக்குப் போவதுதான் எண்ணம் என்றால் பெரும்பாலும் யாரும் இதைக் கேட்பதில்லை.

இத்தனையும் சொல்லி முடித்த பிறகு அவள் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூலகக் கதையைப் பற்றி ஏதாவது கேட்பாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். மருத்துவமனை மேசையைப் பற்றியாவது. அவள் கேட்டது: "மாமா, அந்த நினைவகம் தீர்ந்துபோச்சே, அது மூணு வாரமா ஏறிக்கிட்டே இருந்திருக்கும் இல்ல? சர்வர்ல எங்கேயாவது அந்த நம்பர் தெரிஞ்சிருக்கும். அதை யாராவது தினமும் பார்த்திருந்தா, என்னைக்குத் தீரும்னு கணக்குப் போட்டே சொல்லியிருக்கலாமே?"

பேனாவை எடுத்து மென்பொருள் பொறியியலுக்கு நேரே 1 என்று எழுதினேன். கணினி அறிவியலுக்கு 2. என் படிப்பு மூன்றாவதாக நின்றது.